ரப்பர் தரையில் கேட்ட சத்தம்

"குதி" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எங்க மேடம்?"

"அந்த பெஞ்சு மேல ஏறு. செருப்பைக் கழட்டிட்டு இந்த ரப்பர் மேல குதி."

"குதிச்சா எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சிருப்பீங்க. தரைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

உதவியாளன் பம்பரம் சொன்னதில் நியாயம் இருந்தது. உருண்டையான உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். அந்தப் பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. இன்ஸ்பெக்டரம்மாவுக்கோ பழைய பதவியே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்து வருஷக்கணக்காகியும், காய்கறிக்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

பம்பரம் பெஞ்சில் ஏறினான், கண்ணை மூடிக்கொண்டான், குதித்தான். விளையாட்டுத் திடலின் ரப்பர் தரையில் பாதம் மெத்தென்று அமுங்கி எழுந்தது. சொல்லப்போனால் சுகமாக இருந்தது.

"பாத்தீங்கல்ல?" பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற குடியிருப்புச் சங்கச் செயலாளர் சிரித்தார். "முதல் தரம். இதுக்கு மேல ஒரு சங்கம் என்னங்க செய்ய முடியும்? குழந்தை போனதுல எங்க எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனா அந்தப் பொண்ணு போன்ல பேசிட்டு இருந்துச்சு. ஊரே பாத்துச்சு."

ஊரே பார்த்ததைத்தான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து வயதுப் பையன். வளைந்த கம்பி ஏணியின் உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்தான். ஆம்புலன்சிலேயே உயிர் போய்விட்டது. அம்மாக்காரி பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். 'உன்னை நம்பி இன்னொரு குழந்தையை விட முடியாது' என்று சொல்லி, நாத்தனார் வந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெற்றவள் தடுக்கவில்லை. தடுக்கும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள். அன்றிலிருந்து சோற்றைத் தொடுவதில்லை.

முந்தின நாள் இதையெல்லாம் ஆபீசில் வந்து சொன்னவர் அவளுடைய அண்ணன். கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரம்மா இது விபத்து, தனக்கு வேலையில்லை என்றுதான் சொல்லவிருந்தார். எழுந்து போகும்போது அண்ணன் ஒன்று சொன்னார்.

"அவ ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றாம்மா. 'டக்'குனு சத்தம் கேட்டுச்சாம். 'ரப்பர்ல விழுந்தா டக்குனு கேக்குமா அண்ணா'ங்கறா. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"உக்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அப்படித்தான் பம்பரம் இந்தக் காலை வேளையில் வெறுங்காலோடு ரப்பர் மேல் நிற்க நேர்ந்தது.

"இந்த டைல்ஸ் எப்பப் போட்டீங்க?" இன்ஸ்பெக்டரம்மா ஊஞ்சலுக்கு அடியில் குனிந்து பார்த்தபடி கேட்டார்.

"ஸ்கூல் லீவுக்கு முன்னாடியே போட்டாச்சு. லீவு முழுக்க இங்கதான் பசங்க கும்மாளம்."

"கும்மாளம் போட்டதாத் தெரியலையே. ஊஞ்சல் ஆடுற பசங்க காலைத் தேச்சுத்தான் நிறுத்துவாங்க. இங்க ஒரு கீறல்கூட இல்ல."

"எங்க பசங்க ஒழுக்கமானவங்க."

"சார்" என்றான் பம்பரம், "எங்க வீட்டுலயும் மூணு இருக்கு. ஒழுக்கமா ஊஞ்சல் ஆடுற குழந்தை எங்கயாவது இருந்தா சொல்லுங்க, அதுக்கிட்ட போய் நானே டியூஷன் படிச்சுக்கிறேன்."

செயலாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. இன்ஸ்பெக்டரம்மா சறுக்குமரத்தைக் காட்டினார். பம்பரம் பெருமூச்சு விட்டுக்கொண்டே ஏறினான். சறுக்கி வந்தவனுக்குக் காலை நீட்ட இடம் கிடைக்கவில்லை. குதிகால் தரையில் முட்டி, முழங்கால் இரண்டும் முகவாய்க்கு வந்தன.

"இதை செஞ்சவன் கால் இல்லாத குழந்தைங்களுக்குன்னு செஞ்சானா மேடம்? வாய் தரையில ஒட்டிட்டு இருக்கு."

"செய்யும்போது ஒட்டியிருக்காது. சறுக்குமரம் கீழ இறங்காது பம்பரம். தரைதான் மேல ஏறியிருக்கு."

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க?" செயலாளரின் குரலில் இப்போது விருந்தாளிக்குக் காட்டும் மரியாதை இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா திடலின் வேலிக்கு நடந்தார். அங்கே இடுப்புயரத்தில் ஒரு சின்ன இரும்பு கேட். பச்சைப் பெயின்ட். அதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து அதன் அடி ஓரத்தை விரலால் தடவி, விரலைப் பம்பரத்திடம் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.

பம்பரம் குனிந்து பார்த்தான். கேட் முழுக்கப் பச்சை. அடி விளிம்பு மட்டும் வெள்ளிபோலப் பளபளத்தது. யாரோ அதை அறுத்திருந்தார்கள்.

"தரை உசந்ததும் கேட் இடிச்சிருக்கு. அடியை அறுத்திருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். "லீவுக்கு முன்னாடி அறுத்த இரும்பா இருந்தா இந்நேரம் துரு ஏறியிருக்கணும். இது நேத்து முந்தாநாள் அறுத்த மாதிரி இருக்கு. குழந்தை விழுந்த அன்னைக்கு இங்க இருந்தது இந்தத் தரை இல்ல. அதே கலர்ல வேற ஏதோ இருந்துச்சு. மெல்லிசா."

செயலாளர் வேலிக்கு அப்பால் பார்த்தார். மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்தார்.

"சுத்தம் பண்ணினோம்" என்றார். "துணி கட்டி மறைச்சு, சுத்தம் பண்ணினோம். அவ்வளவுதான். இதுக்கு மேல எதுவானாலும் வக்கீலோட வாங்க."

அவர் போன வேகத்தைப் பார்த்து பம்பரம் சொன்னான்: "இந்த உடம்பை வச்சுக்கிட்டு நான்கூட இப்படி ஓடினதில்ல மேடம்."

*

"எடுத்ததை எங்க போட்டிருப்பாங்க?" தெருவில் நடக்கும்போது பம்பரம் கேட்டான். "குப்பை லாரியிலயா?"

"ரப்பரை யாரும் குப்பையில போட மாட்டாங்க. யாராவது கேட்டு வாங்கிப்பாங்க. முழங்கால் போட்டு வேலை செய்றவங்க பக்கத்துல யார் இருக்கா?"

"முழங்கால் போடுறவங்கன்னா ரெண்டே பேர்தான் மேடம். ஒண்ணு, கல்யாணம் ஆனவன். இன்னொண்ணு, மெக்கானிக்."

மெக்கானிக் தெருமுனையிலேயே இருந்தார். ஒரு பழைய வேனுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக ஒரு சதுரம். திடலில் பார்த்த அதே நீலம், அதே மஞ்சள்.

பம்பரம் அந்தச் சதுரத்தையே பார்த்தான். அவன் செருப்பைக் கழற்றினான். யாரும் சொல்லவில்லை. வாசலில் இருந்த சிமென்ட் படியில் ஏறி, மெக்கானிக் ஒதுக்கிக் கொடுத்த அந்தச் சதுரத்தின் மேல் குதித்தான். பெஞ்சின் உயரம்கூட இல்லை அந்தப் படி. குதிகாலில் விழுந்த அடி சுளீரென்று முதுகுத்தண்டு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. ரப்பரின் கனம் ஒரு பிஸ்கட்டைவிட அதிகமில்லை. அது வெறும் சிமென்டுக்குப் போர்த்திய கலர் துணி.

அவன் நொண்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ந்தான். அந்தக் கம்பி ஏணியின் உச்சியை நினைத்துக்கொண்டான். அவனுடைய கடைக்குட்டிக்கும் ஐந்து வயதுதான்.

"இது எப்படி வந்துச்சு உங்களுக்கு?" இன்ஸ்பெக்டரம்மா மெக்கானிக்கிடம் கேட்டார்.

"அந்தப் பெரிய குடியிருப்புல இருந்து ஒருத்தர் கார்ல கொண்டு வந்தாரும்மா. டிக்கி, பின் சீட்டு எல்லாம் இதான். வேணுமான்னு கேட்டாரு. நாலஞ்சு எடுத்துக்கிட்டேன், மிச்சத்துக்கு இங்க இடம் ஏது?"

"ஆள் எப்படி இருந்தார்? தலை நரைச்சு, கையைக் கட்டிட்டு நிப்பாரே, அவரா?"

"செயலாளரா? அவரு ஸ்கூட்டர்காரராச்சே. அதுக்கு பிரேக் மாத்துறதே நான்தான். இவரு சின்ன வயசு. ஒண்ணும் பேசலை. நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம..." மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "முன் சீட்டுல ஒரு குழந்தை சீட் கழட்டி வச்சிருந்துச்சும்மா. பெல்ட் எல்லாம் வச்சது, அஞ்சாறு வயசுப் பிள்ளை உக்காருறது. எங்க வீட்டுலயும் ஒண்ணு வளருது. 'சார், அதுவும் வேண்டாம்னா குடுத்துட்டுப் போங்க'ன்னு கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மனுஷன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. இதோ, இந்த இடத்துல. அழறாரு அழறாரு, நிறுத்த முடியலை. தண்ணி குடுத்து அனுப்பினேன். ரப்பரைத் தூக்கிக் குடுக்கிறதுக்கு ஒரு ஆள் ஏன் அழணும்னு ராத்திரி வரைக்கும் என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

இன்ஸ்பெக்டரம்மா கேட்கவேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

பாதித் தெரு வந்த பிறகு பம்பரம் வாயைத் திறந்தான். "அந்தக் குடியிருப்புல குழந்தை சீட் வச்ச கார் நிறைய இருக்கும்ல மேடம்?"

"நிறைய இருக்கும்."

"வேற யாராவதா இருக்கலாம்ல?"

"இருக்கலாம்" என்றார் அவர். ஆனால் நடையைக் கூட்டினார்.

*

பையனின் வீட்டுக் கதவைத் திறந்தவர் அண்ணன். கூடத்தில் சாப்பாட்டு மேசையருகே பையனின் அப்பா உட்கார்ந்திருந்தான். முன்னால் லேப்டாப் திறந்திருந்தது, திரை அணைந்திருந்தது. உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாக்காரியின் முதுகு தெரிந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" அண்ணன் ஆவலோடு கேட்டார். "அந்தச் செயலாளர்தானே? எனக்கு முதல்லயே சந்தேகம்."

இன்ஸ்பெக்டரம்மா மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையனின் அப்பாவைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"மெக்கானிக் தண்ணி குடுத்தாராமே. குடிச்சீங்களா?"

அவன் முகத்தில் ஏதோ விட்டுப்போனதைப் பம்பரம் பார்த்தான். பயம் இல்லை அது. நெடுநேரம் மூட்டையைச் சுமந்தவன் இறக்கி வைக்கும்போது வருகிற முகம்.

"குடிச்சேன்" என்றான்.

"என்ன மாப்ள? என்ன தண்ணி?" அண்ணனுக்குப் புரியவில்லை.

"தரையை நான்தான் தேர்ந்தெடுத்தேன் மச்சான்."

அவன் மேசையைப் பார்த்தபடியே பேசினான். முன்பு திடலில் மணல்தான் கிடந்தது. முட்டிக்கால் புதையும் ஆழம். மணல் செருப்போடு வீட்டுக்குள் வருகிறது, லிஃப்ட் முழுக்க மணல் என்று எல்லோரும் புகார். மணலை அள்ளிவிட்டுச் சிமென்ட் போட்டு அதற்கு மேல் ரப்பர் போடுவதென்று சங்கத்தில் முடிவானது. எதைப் போடுவது என்று பார்க்கும் பொறுப்பு அவனுக்கு.

"கடைக்காரர் ரெண்டு வகை காட்டினார். கனமானது போடணும்னா இன்னும் ஆழமாத் தோண்டணும், லீவு முழுக்கத் திடலை மூடி வைக்கணும்னார். இவன் தினமும் ஜன்னல்ல நின்னுட்டு, 'எப்பப்பா திறப்பாங்க, எப்பப்பா திறப்பாங்க'ன்னு..." லேப்டாப்பை மூடினான். "மெல்லிசுன்னா உடனே போட்டுடலாம். 'இது நடைபாதைக்குத்தான் சார், ஏறி விளையாடுற இடத்துக்கு அடியில வேண்டாம்'னு அவர் சொன்னார். சொன்னார். நான் தலையாட்டிட்டு அதையே போடச் சொன்னேன். அவன் குதிச்சான் சந்தோஷத்துல."

பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடக்கம் பண்ணிட்டு வந்ததும் செயலாளர்கிட்ட நானே போய்ச் சொன்னேன், அதை மாத்தணும்னு. இன்னொரு குழந்தை விழக் கூடாதுன்னுதான்... அதுவும் நிஜம்தாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுங்கறதும் நிஜம்தான். இந்தத் தடவை தோண்டலை. கேட்டை அறுத்துட்டு மேலயே கனமானதைப் போட்டோம்."

அண்ணன் மேசையைச் சுற்றி வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். பம்பரம் நடுவில் புகுந்தான். அப்போதுதான் உள்ளறைக் கதவு முழுசாகத் திறந்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கவே திராணி இல்லாத உடம்பு. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"சத்தம் கேட்டுச்சுன்னு உங்ககிட்டதானே முதல்ல சொன்னேன்."

"நான்..."

"பிரமைன்னு சொன்னீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. மாத்திரை குடுத்தீங்க. உங்க கையாலயே, தண்ணியோட."

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். "முதல் நாள் சொல்லியிருக்கணும். அக்கா உன்னைத் திட்டும்போது சொல்லியிருக்கணும். சொல்லலை. அப்புறம் சொல்ல முடியலை."

வழக்கு முடிந்தது என்று பம்பரம் நினைத்தான். சீக்கிரம் வெளியே போய்க் காற்று வாங்கினால் போதுமென்றிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"மெக்கானிக் நாலஞ்சுதான் எடுத்துக்கிட்டார்" என்றார். "கார்ல மிச்சம் இருந்துச்சே. அது எங்க?"

அவன் கையை எடுக்கவில்லை.

"கேக்கறேன்ல. மிச்சம் எங்க?"

"பின்தெரு நர்சரி ஸ்கூல்ல... அந்த வாசல்ல காரை நிறுத்தியிருந்தேன். அங்க இருக்கற டீச்சரம்மா பாத்துட்டாங்க. புதுசா இருக்கே, வீணாப் போகுதா, எங்க பிள்ளைங்களுக்குக் குடுங்களேன்னாங்க."

"குடுத்தீங்களா?"

"வேண்டாம்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க." அவன் குரல் கிட்டத்தட்ட கேட்கவில்லை. "ஏன்னு சொல்லணும்."

"எதுக்கு அடியில போட்டிருக்காங்க?"

"அங்கயும் கம்பி ஏணி இருக்கு."

எங்கோ பின்பக்கம், கட்டடங்களுக்கு அப்பால், இடைவேளை மணி அடித்தது. தொடர்ந்து சின்னப் பிள்ளைகளின் கூச்சல்.

முதலில் அசைந்தது அவள்தான். சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள், செருப்பு போடாமல், தலையை முடியாமல், திறந்திருந்த வாசல் வழியாகப் படிகளில் இறங்கி ஓடினாள். "ஏய், நில்லும்மா!" என்று அண்ணன் பின்னால் ஓடினார். பம்பரம் அண்ணனுக்குப் பின்னால் ஓடினான். குதிகால் வலி ஒவ்வொரு படியிலும் உயிரை எடுத்தது.

*

நர்சரி ஸ்கூல் வாசலில் பம்பரம் மூச்சிரைக்க வந்து நின்றபோது, அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். முற்றத்தில் நீலமும் மஞ்சளுமாகச் சதுரங்கள். நடுவில் கம்பி ஏணி. அதன் மேல், கூடடைந்த குருவிகள் மாதிரிப் பிள்ளைகள்.

அவள் கத்தவில்லை. கத்தினால் பயந்து கையை விட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏணிக்கு நேர் கீழே போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டாள். அண்ணன் மறுபக்கம் போய் நின்று கைகளைத் தூக்கினார். ஓடி வந்த டீச்சரம்மாவிடம், பின்னாலேயே வந்துவிட்ட இன்ஸ்பெக்டரம்மா காதோரம் ஏதோ சொன்னார். டீச்சரம்மாவின் கை வாய்க்குப் போனது.

ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசியில் உச்சியில் ஒரு பெண் குழந்தை மட்டும் மிச்சம். இறங்க மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டது.

"நீங்க யாரு?" என்று மேலிருந்து கேட்டது.

"மெதுவா வா கண்ணு" என்றாள் அவள். தூக்கிய கைகள் கீழே இறங்கவில்லை. "ஒரு காலை எடுத்து இந்தக் கம்பியில வை. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

குழந்தை ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மறுகால். கைக்கு எட்டியதும் அவள் அதை வாங்கி, தோளோடு அணைத்து, வகுப்பறை வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டாள். இறக்கிய பிறகும் அதன் சட்டை நுனியை விட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வேலிக்கு வெளியே அவள் புருஷன் வந்து நின்றிருந்தான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, வண்டியை எடு. அவங்க அக்கா வீட்டுக்குப் போகணும். பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்."

"குடுப்பாங்களாம்மா?"

"குடுக்கறாங்களான்னு கேக்கப் போகலை. கூட்டிட்டு வரப் போறேன்."

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. அண்ணனும் தங்கையும் போன பிறகு அவன் உள்ளே வந்து, ஏணிக்கு அடியில் மண்டியிட்டு, ஒரு சதுரத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பெயர்க்க ஆரம்பித்தான். பசை பலமாக இருந்தது. விரலில் ரத்தம் வந்தது. இன்ஸ்பெக்டரம்மா சற்றுத் தள்ளி நின்று, ஒரு காலத்தில் தன் கீழ் வேலை பார்த்த அதிகாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். செயலாளரின் வீட்டு எண்ணைச் சொன்னார். பிறகு, "ஆமா, பையனோட அப்பாவும்தான்" என்றார். அவனுக்கு அது கேட்டது. தலை நிமிரவில்லை. பெயர்த்துக்கொண்டே இருந்தான்.

பம்பரம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவனும் மண்டியிட்டு மறு ஓரத்தைப் பிடித்து இழுத்தான்.

டீச்சரம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"இதை எடுத்துட்டா, வேற என்னங்க போடறது இங்க?"

பம்பரம் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டான்.

"மணல் போடுங்கம்மா. நல்லா ஆழமா."

"மணல் வகுப்புக்குள்ள எல்லாம் வருமே."

"வரட்டும்" என்றான் பம்பரம்.